என்ர கை, அவன்ர கடை

இருங்கோ தம்பி, இருங்கோ. இந்தப் பெட்டியை நான் மடியில வைக்கிறன். பயித்தம் பணியாரம். மனுசி செய்து குடுத்து விட்டது. நீங்கள் தமிழ்தானே? ஃபோனில கதைக்கேக்கயே கேட்டுக்கொண்டு இருந்தனான். கோயம்புத்தூர்ப் பக்கமோ? நல்லது, நல்லது. ருவான் நகருக்கோ போறியள்? நானும் அங்கதான். அப்ப ரெயினால இறங்கும் மட்டும் கதைச்சுக்கொண்டு போகலாம்.

உங்களிட்ட ஒண்டு கேக்கட்டோ? பிழையா நினைக்கக் கூடாது. ஒருத்தன் நல்லா இருக்கோணும் எண்டு மனசார நினைக்கிறதுக்கு ஏதாவது வழி தெரியுமோ? சும்மா வாயால இல்லை. உள்ளுக்குள்ள இருந்து வரோணும். பாரிசில ஏறினதில இருந்து முயற்சி செய்யிறன். கண்ணை மூடி, "முருகா, கடாட்சம் நல்லா..." எண்டு தொடங்குறன். அந்த "நல்லா" வோட நிண்டு போகுது. மீன்முள்ளு மாதிரித் தொண்டைக்குள்ள நிக்குது.

கடாட்சம் ஆரெண்டோ? என்ர சகலன். முழுப்பேர் சிவகடாட்சம். என்ர மனுசி சறோவின்ர தங்கச்சி வதனியைக் கட்டினவன். நீங்கள் சகலை எண்டு சொல்லுவியள் என்ன? எல்லாம் ஒண்டுதான். எந்த ஊரில போய் எப்பிடிச் சொன்னாலும் வயித்தெரிச்சல் ஒண்டுதான். என்ர பேர் பரஞ்சோதி. பாரிசில, லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில கேட்டுப் பாருங்கோ, எல்லாருக்கும் என்னைத் தெரியும். என்னமாதிரித் தெரியும் எண்டதைப் பிறகு சொல்லுறன்.

இண்டைக்கு ருவானில அவன் கடை திறக்கிறான். ரீவிக் கடை. மலிவான ஸ்மார்ட் ரீவி விக்கிற கடை. பாரிசில ஒண்டு இருக்கு, இது இரண்டாவது. திறந்த உடனே முதல் ரீவியை நான் காசு குடுத்து வாங்கோணும். முதல் வியாபாரம். நீங்கள் போணி எண்டு சொல்லுறது. அதுக்குக் கைராசிக்காரனைத்தானே கூப்பிடுறது? அப்ப இந்தாளுக்கு நல்ல கைராசி போல எண்டு நினைக்கிறியள். முகத்தில தெரியுது. அதுதான் இல்லை!

கேளுங்கோ. நான் முதல்முதல் போட்டது படக்கொப்பி வாடகைக் கடை. வீடியோக் கசற். சனிக்கிழமை எண்டால் சனம் வாசல்ல நிக்கும். சாமி படத்துக்குப் பூ வைச்சு, கடை நல்லா வரோணும் எண்டு உருகி உருகிக் கும்பிட்டன். பிறகு ரீவியிலயே தமிழ் சனல் வந்துது. கசற் எல்லாம் குப்பைக்குப் போச்சு. சரி எண்டு ரெலிபோன் காட் கடை. ஊருக்குக் கதைக்கிற காட். அதுவும் நல்லாத்தான் போச்சுது. அதுக்கும் உருகித்தான் கும்பிட்டன். ஃபோனிலயே ஓசியில கதைக்கலாம் எண்டு வந்துது. காட்டை இப்ப ஆர் வாங்கிறது? பிறகு டிஷ் பூட்டுற வேலை. தமிழ் வீடுகளின்ர பல்கனியில சட்டி மாதிரி இருக்குமே, அதெல்லாம் நான் பூட்டினது. பனிக்குள்ள ஏறி நிண்டு பூட்டினனான் தம்பி. இந்த முழங்கால் போனதே அதாலதான்.

சனத்தின்ர வாய் உங்களுக்குத் தெரியாதோ? "பரஞ்சோதி கை வைச்சால் அந்தத் தொழில் செத்துது, எட்டுச் செலவு செய்யலாம்" எண்டு பகிடி. கலியாண வீட்டில தாலி ஆசீர்வாதத்துக்குக் கொண்டு வாறவை, என்னைக் கண்டால் தட்டைக் கொஞ்சம் கெதியாக் கொண்டு போவினம். நான் கவனிக்கேல்லை எண்டு அவையளுக்கு நினைப்பு.

இந்த டிஷ் தொழிலை ஆர் முடிச்சது எண்டு சொல்லுங்கோ பாப்பம். ஸ்மார்ட் ரீவி! சட்டியும் வேண்டாம் வயரும் வேண்டாம், வைஃபை போதும். தமிழ்ச் செய்தியும் வருது, சீரியலும் வருது. அதை எங்கட சனத்துக்கு ஆர் கொண்டு வந்து வித்தது? சாட்சாத் சிவகடாட்சம். என்ர சோத்தில மண்.

அதுவும் ஆர்? நான் விமான நிலையத்தில போய்க் கூட்டிக்கொண்டு வந்தவன். குளிருக்குப் போட ஒரு ஜக்கெற் இல்லாமல் நடுங்கிக்கொண்டு நிண்டவன். என்ர ஜக்கெற்றைக் கழற்றிக் குடுத்தன். என்ர அறையில படுத்தவன். வதனியைப் பேசிக் கட்டி வைச்சதே நான்தான். ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவிக்கொண்டு இருந்தவன், ஒருநாள் வந்து, "அண்ணை, நான் ரீவிக் கடை போடப் போறன்" எண்டுறான். ரீவி எண்டால் என்ன ரீவி? பேர் கேள்விப்படாத ரீவி. பேர் போன கொம்பனி ரீவியின்ர பாதி விலை. "டேய், பாதி விலை எண்டால் வெள்ளைக்காரன் தொட்டும் பாக்கமாட்டான், இதில ஏதோ கள்ளம் இருக்கெண்டு நினைப்பான்" எண்டு சொன்னன். "பாப்பம் அண்ணை" எண்டான். எப்பவும் அந்த ஒரு கதைதான். பாப்பம் அண்ணை.

பிறகுதான் சொன்னான், அந்தப் பாரிஸ் கடையின்ர முதல் வியாபாரம் நான்தான் செய்யோணும் எண்டு. நான் திகைச்சுப் போனன். என்ர கையைப் பற்றி லா சப்பல் முழுக்கக் கதைக்குது. வதனிக்கு முகமே கறுத்துப் போச்சு. குசினிக்குள்ள அவளும் சறோவும் குசுகுசுக்கிறது கேக்குது. அவன் மட்டும், "அண்ணைதான் செய்யோணும், இல்லாட்டித் திறக்கமாட்டன்" எண்டு நிக்கிறான். ஏன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்? மரியாதையோ? சீ. நக்கல் தம்பி, நக்கல். எல்லாருக்கும் முன்னால என்னை நிப்பாட்டிக் காட்டோணும் அவனுக்கு.

நானும் விடேல்லை. சரி ராசா, என்ர கைதானே வேணும், வாறன் எண்டு போனன். நல்ல நேரத்துக்கு எல்லாரும் காத்துக்கொண்டு நிக்க, நான் பாத்ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு இருந்தன். வீட்டுக் கலண்டரில ராகுகாலம் பாத்துக்கொண்டுதான் போனனான். ராகுகாலம் தொடங்கினாப் பிறகுதான் வெளியில வந்து காசைக் குடுத்தன். குடுக்கேக்க மனசுக்குள்ள வடிவாச் சொன்னன், "முருகா, இந்தக் கடை ஒரு வருசம் முடியிறதுக்கு முதல் இழுத்து மூடோணும்." அவன் குனிஞ்சு என்ர காலைத் தொட்டுக் கும்பிடுறான். விசரன்.

பொறுங்கோ, ரிக்கற் பாக்கிறவர் வாறார். போன்ஷூர் முசியு. இந்தாங்கோ. மெர்சி.

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்? ஓம், ராகுகாலம். கொஞ்ச நாள் கழிச்சுக் கோயில் ஐயரைக் கண்டு கதைக்கேக்கதான் விளங்கிச்சுது. நான் பாத்தது யாழ்ப்பாணத்தில அடிச்ச கலண்டராம். ராகுகாலம் அந்தந்த ஊர்ச் சூரியன் எழும்புறதை வைச்சாம் கணக்கு. பாரிசுக்கு நான் காசு குடுத்த நேரம் அந்த நாளிலயே திறமான நேரமாம்! "ஆர் உங்களுக்கு இவ்வளவு வடிவா நேரம் பாத்துத் தந்தது?" எண்டு ஐயர் கேக்கிறார். எனக்கு வந்த விசருக்கு அந்தக் கலண்டரைக் கிழிச்சு எறிஞ்சன்.

கடை எடுத்துது பாருங்கோ ஒரு ஓட்டம்! முதல்ல எங்கட ஆக்கள் வாங்கினவை. பிறகு ஆபிரிக்க ஆக்கள். பிறகு எங்கட கட்டடத்தைக் காவல் பாக்கிற போர்த்துக்கீசப் பொம்பிளை ஒருத்தி. அவளிட்ட இவன் சொன்னானாம், "ஒரு கிழமை, ஏழு நாள், சுவரில தொங்கட்டும். பிடிக்காட்டி நானே வந்து கழற்றிக்கொண்டு போறன், காசு பிறகு பாப்பம்." வெள்ளைக்காரருக்கும் இதே கதைதான். பேர் தெரியாத ரீவி எண்டு மூக்கைச் சுழிக்கிறவையின்ர வீட்டில கொண்டு போய்த் தானே ஏறி நிண்டு பூட்டுறது. ஒரு கிழமையால போனால், ஆர் கழற்ற விடுவினம்? பிள்ளையள் அதுக்கு முன்னாலயே படுத்துக் கிடக்குதுகள். அந்தப் போர்த்துக்கீசக்காரி கட்டடம் முழுக்கச் சொல்லிப் போட்டாள்.

வயசு போன எங்கட சனத்துக்கு இன்னொரு வித்தை. ரிமோட்டில கலர் கலரா ஸ்ரிக்கர் ஒட்டிக் குடுக்கிறது. சிவப்பை அமத்தினால் ரீவி வரும், பச்சையை அமத்தினால் தமிழ்ச் செய்தி, மஞ்சளை அமத்தினால் கனடாவில இருக்கிற மகன்ர முகம். பிழைச்சுப் போச்செண்டு அவையள் கூப்பிட்டால், ஞாயிற்றுக்கிழமையும் போறான். போய் இருந்து தேத்தண்ணி குடிச்சு, அவையின்ர வருத்தக் கதை எல்லாம் கேட்டுப் போட்டு வாறான். இதெல்லாம் ஒரு வியாபாரமோ? சனத்தைப் பேக்காட்டி ஏமாத்திறது. கடை ஓடினது உதாலயெல்லாம் இல்லை தம்பி. என்ர கையால ஓடினது. கொஞ்சம் யோசிச்சியள் எண்டால் உங்களுக்கே விளங்கும்.

நீங்கள் ஒரு பணியாரம் எடுங்கோ. கடைத் திறப்புக்குத்தான், பரவாயில்லை, எடுங்கோ. நானும் ஒண்டு எடுக்கிறன்.

நான் அண்டைக்குக் காசு குடுத்து வாங்கின அந்த ரீவி இருக்கே, அது எங்கட ஹோலில தொங்குது. ஒவ்வொரு நாளும் அதின்ர முகத்தில முழிக்கிறன். வாங்கின நாளில இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறன், ஒரு கோடு விழாதோ, ஒரு மூலை கறுக்காதோ எண்டு. ம்ஹூம். கல்லுக் குண்டு மாதிரி இருக்கு. ஒருக்கா படம் நிண்டு போச்சு. எனக்குச் சந்தோசம் எண்டால்! உடனே கடாட்சத்துக்கு அடிச்சன், "உன்ர ரீவி செத்துப் போச்சடா" எண்டு. ஓடி வந்து பாத்தான். நான் நித்திரை தூங்கிக் காலால வயரைக் கழற்றிப் போட்டிருக்கிறன். குனிஞ்சு அதைக் கொளுவிப் போட்டு, "சின்னப் பிழைதான் அண்ணை, வயர் சரியில்லை, மாத்தி விடுறன்" எண்டு புது வயர் போட்டுட்டுப் போறான். சறோ என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்கு அவன் என்னை ஏசியிருக்கலாம்.

மனுசியின்ர வாய் வேற. "வதனியின்ர மனுசன் புதுக் கார் எடுத்திருக்கிறார்." "வதனியின்ர மனுசன் ஊரில பள்ளிக்கூடத்துக்கு ரீவி குடுத்திருக்கிறார்." வதனியின்ர மனுசன், வதனியின்ர மனுசன்! நான் என்ன, ஆரின்ர மனுசன்? நெஞ்சு பத்தி எரியும். பொறாமை எண்டு சொல்லுங்கோ, நான் மறுக்கமாட்டன். ஓம், பொறாமைதான். பக்கத்து வீட்டுக்காரன் நல்லா இருந்தால் தாங்கலாம். என்ர ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தவன் நல்லா இருக்கிறதை எப்பிடித் தாங்கிறது?

போன வருசம் இந்த முழங்காலுக்கு ஒபரேசன். ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் வந்தான். கடையைப் பூட்டிப் போட்டு வந்தான். சூப் கொண்டு வருவான். எனக்குத் தெரியாதோ ஏன் வந்தவன் எண்டு? நான் நடக்கேலாமல் கிடக்கிறதைப் பாக்க. பிறகு என்னண்டால், "அண்ணை, மிச்சமிருக்கிற டிஷ் வேலையும் இனி வேண்டாம், என்னோட வந்து கடையில இருங்கோ, ஆக்களோட கதைச்சால் போதும்" எண்டுறான். எனக்கு! வேலை! அதுவும் கதைக்கிற வேலை! இப்ப நீங்களே சொல்லுங்கோ, எனக்கு அவ்வளவு கதைக்கத் தெரியுமோ?

ஏன் தம்பி சிரிக்கிறியள்?

சரி, விசயத்துக்கு வாறன். ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்கேக்கதான் எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தன். கசற் கடைக்கு உருகிக் கும்பிட்டன், போச்சு. காட் கடைக்குக் கும்பிட்டன், போச்சு. டிஷ்சுக்குக் கும்பிட்டன், போச்சு. இவன்ர கடை நாசமாப் போகோணும் எண்டு நினைச்சுக் காசு குடுத்தன், ஓகோ எண்டு வருது. என்ன விளங்குது? என்ர கை ராசியில்லாத கை இல்லை. தலைகீழாப் பிடிக்கிற கை! நல்லதை நினைச்சால் நாசம், நாசத்தை நினைச்சால் நல்லது. இவ்வளவு காலமும் இது எனக்கு விளங்கேல்லை பாருங்கோ.

அப்பதான் இந்த ருவான் கடைக் கதை வந்துது. இது சின்னக் கடை இல்லை தம்பி. தமிழ் ஆக்களே இல்லாத ஊர். முழுக்க வெள்ளைக்காரருக்கு விக்கப் போறானாம். பெரிய கடைக்காரர் எல்லாரும் பேர் போன ரீவியளை வைச்சுக்கொண்டு இருக்கிற தெருவில, நடுவில போய் நிக்கப் போறானாம். அதுக்கு இருக்கிற வீட்டை வங்கியில ஈடு வைச்சிட்டான். வதனி வந்து சறோவுக்கு முன்னால இருந்து அழுதது. "அக்கா, இது பிழைச்சுதெண்டால் பிள்ளையளோட றோட்டிலதான் நிக்கோணும்" எண்டு. நான் பேப்பரைப் பாக்கிற மாதிரி இருந்து கேட்டுக்கொண்டு இருந்தன்.

திரும்பவும் வந்து நிக்கிறான். "அண்ணை, முதல் வியாபாரம் நீங்கள்தான்." நான் உடனே ஓம் எண்டன். சறோவே ஆச்சரியப்பட்டுப் போனாள். ஏன் ஓம் எண்டன் எண்டு இப்ப உங்களுக்கு விளங்கியிருக்குமே. இந்தமுறை மனசார வாழ்த்தப் போறன்! உருகி உருகி வாழ்த்தப் போறன்! பிறகு பாப்பம், எப்பிடி ஓடுது எண்டு. நல்லா வாழ்த்தினவனை ஆர் குற்றம் சொல்லுறது? கடவுளே வந்தாலும் என்னில பிழை பிடிக்கேலாது.

ஆனால் வாழ்த்து வருகுதில்லையே! அதுதான் இப்பப் பிரச்சினை. வாயால சொல்லலாம். கைக்குத் தெரிஞ்சு போகும், கள்ள வாழ்த்து எண்டு. பாருங்கோ, ருவானும் கிட்ட வந்திட்டுது. நீங்கள் படிச்ச ஆள், ஒரு வழி சொல்லுங்கோ. என்னவோ? அவன் எனக்குச் செய்த நல்லதுகளை நினைச்சுப் பாக்கவோ? என்ன நல்லது? இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டு வந்தனே, கேட்டனியள்தானே, அதில ஒரு நல்லது இருக்கோ? சூப்போ? வயரோ? அட, நீங்களும் அவன்ர பக்கம்!

சரி, வந்திட்டுது. எழும்புவம். மெதுவா, முழங்கால். இந்தப் பெட்டியைப் பிடியுங்கோ. ஐயோ, பாதி முடிஞ்சு போச்சே, சறோ கொல்லப் போறாள். ரெயின் நிக்கட்டும், பொறுங்கோ. மழை வேற கொட்டுது.

அங்க பாருங்கோ.

அந்தத் தூணடியில. குடையைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியா எட்டி எட்டிப் பாக்கிறானே, வேட்டியோட. அவன்தான். கடாட்சம். கடை திறக்கிற அண்டைக்கு, ஐயரையும் சனத்தையும் விட்டுட்டு, ஸ்ரேசனுக்கு இவன் ஏன் வந்தவன்? ஒரு ஆளை அனுப்பியிருக்கலாமே. வேட்டி நனைஞ்சு காலோட ஒட்டிப் போய்க் கிடக்கு. விசரன், குளிரில வேட்டி கட்டுறானே. மேல போட்டிருக்கிறது என்ன ஜக்கெற் எண்டு பாருங்கோ, எனக்குக் கண் சரியாத் தெரியேல்லை. மண்ணிறமோ? கொலர் கிழிஞ்சிருக்கோ?

அது என்ர ஜக்கெற் தம்பி.

அந்த நாளைய ஜக்கெற். இன்னும் வைச்சிருக்கிறான். கார் வாங்கினவனுக்கு ஒரு ஜக்கெற் வாங்கேலாதோ? தலையும் வெளுத்துப் போச்சு அவனுக்கு. எப்ப வெளுத்தது? நான் கவனிக்கவே இல்லை. கன்னம் ஒட்டிப் போச்சு. நித்திரை கொள்ளுறேல்லைப் போல. வீட்டையும் ஈடு வைச்சுப் போட்டு எப்பிடி நித்திரை வரும்? ஐயோ, முருகா, உந்தப் பெடியனுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. உந்தக் கடை நல்லா வரோணும், வீடு மீளோணும், பிள்ளையள்...

ஐயோ!

வந்திட்டுது தம்பி! வாழ்த்து வந்திட்டுது! உண்மையாவே வந்திட்டுது, உள்ளுக்குள்ள இருந்து! ஐயோ, என்ன செய்வன்? இந்தக் கையோட போய்க் காசு குடுத்தால் கடை துலைஞ்சு போகுமே! வதனி பிள்ளையளோட றோட்டில... கெதியா, கெதியா அவனைப் பற்றிக் கூடாத கதை ஏதும் சொல்லுங்கோ! இவ்வளவு நேரமும் சொன்னனே, அதில ஒண்டைத் திருப்பிச் சொல்லுங்கோ, எரிச்சல் வரட்டும். கார்! புதுக் கார்! வதனியின்ர மனுசன்... இல்லை, வருகுதில்லை. நனைஞ்சுகொண்டு நிக்கிறானே பாவம், எப்பிடி எரிச்சல் வரும்?

இஞ்ச பாருங்கோ, கண்டிட்டான். கை காட்டுறான். ஓம் ஓம், வாறனடா, வாறன்!

தம்பி, இறங்குங்கோ. இல்லை, உங்கட வேலைக்குப் பிறகு போகலாம், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. என்னோட கடைக்கு வாங்கோ. முதல் வியாபாரம் நீங்கள் செய்யுங்கோ. காசு நான் தாறன், உங்கட கையால குடுங்கோ. உங்கட கை எப்பிடிப்பட்ட கை எண்டு எனக்குத் தெரியாது, என்ர கை வேண்டாம். எனக்குக் கையில சுளுக்கு எண்டு அவனிட்டச் சொல்லுறன். ரீவியையும் நீங்களே கொண்டு போங்கோ, நல்ல ரீவி, ஒரு கோடு விழாது, நான் பொறுப்பு.

ஆனால் ஒண்டு. இப்பவே சொல்லிப் போட்டன். நாளைக்குக் கடை நல்லா ஓடிச்சுதெண்டால், லா சப்பலில ஆர் கேட்டாலும், பரஞ்சோதியின்ர கை எண்டுதான் நீங்கள் சொல்லோணும்.